மூன்று நாள் முளைக்குள் ஒரு காவல்

கடுகை முழுசாய் விழுங்கினால் காரமில்லை. பல்லில் பட்டு நொறுங்கினால்தான் மூக்கு வரை ஏறுகிறது. ஆவக்காயிலும் பச்சை முள்ளங்கியிலும் அதை ருசிக்கிறோம். அந்தக் காரம் நொறுங்கிய கணத்தில்தான் பிறந்தது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், பிராக்கோலி எல்லாம் ஒரே குடும்பம். கந்தகம் பொதிந்த குளுக்கோசினோலேட் என்னும் பொருளை ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதியை வேறு செல்களிலும் இந்தச் செடிகள் பிரித்தே வைத்திருக்கின்றன. புழு கடிக்கிறது, செல்கள் கிழிகின்றன, பிரிந்திருந்தவை கலக்கின்றன, கடித்த வாயிலேயே காரம் மூள்கிறது. ஓடவோ ஒளியவோ இயலாமல் நின்ற இடத்திலேயே வாழ்ந்து தீர்க்க வேண்டிய உயிருக்கு எத்தனை நுட்பமான கவசம்!

பிராக்கோலியில் அப்படிப் பிறப்பது சல்ஃபோராபேன். அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலேயின் குழு 1992இல் அதைப் பிரித்தெடுத்தது. 1994இல் பெண் எலிகளுக்கு டிஎம்பிஏ என்ற நஞ்சைக் கொடுத்தார்கள். மார்பகத்தில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கும் நஞ்சு அது. நஞ்சு கொடுத்த நாட்களை ஒட்டி சல்ஃபோராபேனும் பெற்ற எலிகளில் கட்டி கண்டவை குறைந்தன. வந்த கட்டிகளும் எண்ணிக்கையில் குறைந்து, தாமதமாகவே தலைகாட்டின.

1997இல் வந்த செய்தி இன்னும் வியப்பானது. மூன்றே நாள் ஆன பிராக்கோலி முளையில், சல்ஃபோராபேனுக்கு மூலமான பொருள் முற்றிய பூவில் இருப்பதைவிட 10 முதல் 100 மடங்கு வரை இருந்தது. அந்த முளைகளின் சாறும் எலிகளின் மார்பகக் கட்டிகளைக் குறைத்தது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அந்தத் துளிர், பச்சைப் பிள்ளைக்கு இடுப்பில் காப்புக் கட்டி அனுப்புவதுபோல, முழுக் காவலோடுதான் மண்ணைவிட்டு எழுகிறது.

இந்தக் காரம் நம் உடலுக்குள் செய்வது என்ன? ஒவ்வொரு செல்லிலும் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சல்ஃபோராபேன் வந்து கீப்1இன் கந்தக முனைகளைத் தொட்டதும் பிடி தளர்கிறது. விடுபட்ட புரதம் செல்லின் கருவுக்குள் போய், நஞ்சை முறித்து வெளியேற்றும் நொதிகளுக்கான மரபணுக்களை எழுப்புகிறது. புழுவை விரட்டச் செடி சமைத்த காரம், செடியையே அறியாத ஓர் உடலில் உறங்கும் காவலைத் தட்டி எழுப்புகிறது! காணுந்தோறும் கை கூப்பத் தோன்றுகிறது. கண்ணுக்கெட்டாத விண்மீன்களை அண்ணாந்து வியக்கும் நாம், தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் கீரைத் துண்டுக்கும் அந்த வியப்பில் ஒரு பங்கு தர வேண்டாமா?

இந்த அறிவுக்காக நோயைச் சுமந்த எலிகளையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். அவற்றின் சாட்சியத்தை மிகைப்படுத்தாமல் இருப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. அங்கே கண்டது தடுப்பு. வளர்ந்துவிட்ட கட்டி கரைந்ததல்ல. எலியின் உடலில் நிகழ்ந்ததெல்லாம் பெண்ணின் உடலிலும் அப்படியே நிகழும் என்பதில்லை. மாத்திரையாக அடைத்து விற்கும் முளைச்சாறு, மார்பகத்தில் கட்டியை உணர்ந்த ஒரு பெண்ணுக்கு மருத்துவம் ஆகாது. அவர் தாமதமின்றிப் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான்.