நான்கு மில்லிமீட்டர் தகடு

கோலசிலாங்கூர் ஆற்று முகத்துவாரம். முதல் நாள் மழையில் ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் நண்பரின் 17 அடி ஃபைபர் படகில் மீன்பிடிக்கக் கிளம்பினோம். வேகம் கூடியதும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. சுக்கான் பிடித்திருந்த நண்பருக்கு எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. வலை போட்டுக்கொண்டிருந்த சம்பான் ஒன்றை முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய மகன்தான் பார்த்துக் கத்தினான். மயிரிழையில் தப்பினோம்.

சின்னப் படகு வேகமெடுக்கும்போது, தான் எழுப்பும் அலையின் மேலேயே ஏற வேண்டியிருக்கிறது. ஏறி முடித்துவிட்டால் சமமாகி நீரின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். நண்பரின் படகில் இயந்திரம், பெட்ரோல் தொட்டி, ஐஸ் பெட்டி, போதாததற்கு நாங்கள் இருவர், எல்லாச் சுமையும் பின்னால்தான். ஐஸ் பெட்டியை முன்னுக்குத் தள்ளினோம். இயந்திரத்தை உள்பக்கமாகக் கடைசித் துளை வரை சாய்த்துப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை.

அடுத்த வழி டிரிம் பிளேட். படகின் பின்பலகைக்கு அடியில், இடமும் வலமும் பொருத்தப்படும் இரண்டு துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள். கீழ்நோக்கிச் சாய்ந்த தகட்டில் நீர் மோதும்போது படகின் பின்புறம் உயர்கிறது, மூக்கு இறங்குகிறது. சீசா பலகையின் கணக்குதான். அமெரிக்கக் கடற்படையின் ஆர்லி பர்க் வகைப் போர்க்கப்பல்களிலும் எரிபொருளை மிச்சப்படுத்த இதே போன்ற தகட்டைப் பின்புறத்தில் பொருத்தியிருக்கிறார்கள்.

ஒரு பட்டறையில் கொடுத்து மாட்டினோம். அதிகம் வளைத்தால் அதிக பலன் என்று நினைத்தார்களோ என்னவோ, நன்றாகவே வளைத்துக் கொடுத்தார்கள். போகும்போது சொர்க்கம். திரும்பும்போது அலை பின்னாலிருந்து தள்ளியது. மூக்கு நீரைக் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. சம்பானைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

துறையில் ஒரு வயதான தெக்கோங் தகட்டைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, இது தகடா, பிரேக்கா?”

“நீங்களே சரி பண்ணிக் கொடுங்கண்ணே,” என்றார் நண்பர்.

படகை டிரெய்லரில் ஏற்றினோம். அவர் நீண்ட இரும்புச் சட்டம் ஒன்றைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்து, முதலில் தகடுகளை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு நுனியை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் இறக்கி, “ஓட்டிட்டு வாங்க” என்றார். ஓட்டினோம். இன்னும் இரண்டு இறக்கினார். எங்கள் தகட்டின் நீளம் 9 அங்குலம். அதன் நுனி 4 மில்லிமீட்டர் இறங்கினால் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகைதான். ஆனால் வேகம் இரட்டிப்பானால் நீரின் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் இந்த ஒரு பாகையே போதுமாக இருந்தது.

ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள், அதே அளவு பெட்ரோல், நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை. நண்பரின் மகன் ஜிபிஎஸ் வேகத்தைப் பள்ளி நோட்டில் குறித்துக்கொண்டான். முன்பு மணிக்கு 24 கிலோமீட்டருக்குக் கீழே வந்தாலே மூக்கு தூக்கும். இப்போது 20 வரை சமமாக ஓடுகிறது. உச்ச வேகம் சற்றுக் குறைந்தது உண்மை. தகடு சும்மா வேலை செய்யாது, இழுவையும் தரும்.

மாட்ட நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அவுட்போர்டின் நடுக்கோட்டிலிருந்து எட்டு அங்குலமாவது தள்ளி மாட்டுங்கள். நெருங்கினால் கலங்கிய நீர் காற்றாடிக்குப் போய், அது பிடிப்பில்லாமல் சுழலும். திருகுத் துளைகளைக் கடல்நீர் தாங்கும் பசையால் அடையுங்கள். பல படகுகளின் பின்பலகைக்குள் இருப்பது ஒட்டுப்பலகை. நீர் புகுந்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே உளுத்துவிடும். அந்தப் பட்டறையில் இரண்டு துளைகளை அடைக்காமல் விட்டிருந்தார்கள்.

வலது தகட்டை மட்டும் தெக்கோங் இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறக்கிவிட்டார். எந்தப் பக்கத் தகடு இறங்குகிறதோ அந்தப் பக்கம் எழும். நான் உட்காருவது வலது பக்கம்.