கரண்ட் போனப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? பேசிப் பழகும் பாஸ்ட் கன்டினியூயஸ்

இன்னிக்கு எபிசோடுல ஒரே ஒரு டென்ஸ்தான்: பாஸ்ட் கன்டினியூயஸ். ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும். வாஸ் இல்லன்னா வேர், கூடவே ‘இங்’ சேர்த்த வினைச்சொல். ஆனா பேசும்போது எங்க போடணும்கிறதுலதான் சிக்கலே.

எங்க ஊர் ஆர்.கே.பேட்டை, நெசவு ஊர். அங்க தினமும் காதுல விழுற மாதிரி ஒரு வாக்கியம்: “தறி ஓட்டிக்கிட்டு இருந்தேன், கரண்ட் போயிடுச்சு.” இதுல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு நீளமா ஓடிக்கிட்டிருந்தது, இன்னொண்ணு நடுவுல வந்து விழுந்தது. நீளமானதுக்கு பாஸ்ட் கன்டினியூயஸ், நடுவுல வந்ததுக்கு சிம்பிள் பாஸ்ட். “ஐ வாஸ் ரன்னிங் த லூம் வென் த பவர் வென்ட் ஆஃப்.” அவ்வளவுதான்.

ஒரு சொல் மாறினா பழி மாறும்

இது வெறும் இலக்கணம் இல்லைங்க. ஆபீஸ்ல சைட் விழுந்துடுச்சுன்னு வைங்க. மறுநாள் மீட்டிங்ல நீங்க சொல்றீங்க: “வென் த சைட் வென்ட் டவுன், ஐ ரீஸ்டார்ட்டட் த டேட்டாபேஸ்.” சைட் விழுந்துச்சு, அதுக்கப்புறம் நீங்க சரிபண்ண இறங்கினீங்கன்னு அர்த்தம். இதையே “ஐ வாஸ் ரீஸ்டார்ட்டிங் த டேட்டாபேஸ்”னு சொன்னா? சைட் விழும்போதே நீங்க அதுல கை வச்சிருந்தீங்கன்னு ஆகுது. காப்பாத்தினவர் சந்தேகப்பட்டியலுக்குப் போயிடுவார்!

தமிழ் காலை வாருற மூணு இடம்

முதல் இடம், பழக்கம். “காலேஜ்ல தினமும் பஸ்ல போய்க்கிட்டு இருந்தேன்”னு நாம சாதாரணமா சொல்லுவோம். அதை “ஐ வாஸ் கோயிங் பை பஸ் எவ்ரி டே”ன்னு அப்படியே மாத்தாதீங்க. பழைய பழக்கத்துக்கு “ஐ யூஸ்டு டு கோ பை பஸ்.”

ரெண்டாவது, முடிஞ்சு போன மொத்தக் காலம். “அங்க மூணு வருஷம் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன்.” இன்டர்வியூல இதுக்கு “ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்” போதும்.

மூணாவது, மனசு சம்பந்தப்பட்ட சொற்கள். தெரியும், பிடிக்கும், வேணும் மாதிரியானதுக்குப் பொதுவா ‘இங்’ வராது. “ஐ வாஸ் நோயிங் ஹிம்” இல்ல, “ஐ நியூ ஹிம்.”

வீட்ல தெலுங்கு பேசுறவங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒண்ணு. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்னிக்குத்தான் ஆந்திராவுல இருந்து மதராஸ் மாநிலத்துக்கு வந்துச்சு, அதனால எங்க பக்கம் ரெண்டு மொழியும் கலந்தே ஓடும். தெலுங்குல ‘திண்டுன்னானு’ன்னா ‘சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்’. நேத்து நடந்த கதை சொல்லும்போது அதே சொல் ‘சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்’னும் ஆகும். இங்கிலீஷ் அந்தச் சலுகையைத் தராது. நேத்துன்னா ‘ஆம்’ கிடையாது, ‘வாஸ்’தான்.

ஒரு போனஸ்

“உனக்கு போன் பண்ணலாம்னுதான் இருந்தேன்!” பண்ணவே இல்ல, ஆனா நினைப்பு இருந்துச்சு. இதுக்கு “ஐ வாஸ் கோயிங் டு கால் யூ.” ஃப்ரெண்டு கோச்சுக்கும்போது ரொம்ப உதவும்.

இன்னிக்கு ராத்திரி ப்ராக்டிஸ்

வீட்லயோ ரூம்லயோ ஒருத்தரைப் பிடிச்சுக்கோங்க. ஒருத்தர் ஒரு நேரம் சொல்லிக் கேக்கணும்: “வாட் வேர் யூ டூயிங் அட் எய்ட் லாஸ்ட் நைட்?” இன்னொருத்தர் உடனே பதில் சொல்லணும்: “ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் த பஸ்.” உடனே அடுத்த கேள்வி: “அண்ட் தென் வாட் ஹேப்பன்டு?” பதில்: “இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்.” முதல் பதில் ஓடிக்கிட்டிருந்தது, ரெண்டாவது நடுவுல வந்து விழுந்தது. ஆளுக்கு அஞ்சு கேள்வி, மொத்தம் பத்து நிமிஷம். எழுதி வச்சுப் படிக்காதீங்க, வாயால சொல்லுங்க.

அடுத்த எபிசோடுல ‘யூஸ்டு டு’வை மட்டும் தனியா எடுத்துப் பேசலாம். அதுவரைக்கும், பை மக்களே!