கரையில் இறங்கும் நாளும் பாட நாளே

எந்திரக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கி நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் பல நாடுகள் இளைஞர்களைப் பழக்குவதற்கென்றே உயர்ந்த பாய்மரக் கப்பல்களைப் பராமரித்து வருகின்றன. நார்வேயின் 'ஸ்டாட்ஸ்ராட் லெம்கூல்' 1914-ல் கட்டப்பட்டது, 'சோர்லாண்டெட்' 1927-ல். நம் கடற்படையிடமும் கொச்சியைத் தளமாகக் கொண்ட 'தரங்கிணி', 'சுதர்ஷினி' என்று இரண்டு இருக்கின்றன. இவற்றில் ஏறும் மாணவர் முறை வைத்துக் காவல் நிற்கிறார், சுக்கான் பிடிக்கிறார், கயிற்றேணியில் ஏறிப் பாயைச் சுருட்டுகிறார். வாரக்கணக்கில் நீரை மட்டுமே பார்த்த கண்ணுக்கு ஒருநாள் ஒரு தீவு தட்டுப்படுகிறது. அங்கே இறங்கக் கிடைக்கும் அனுமதியை, பட்ட பாட்டுக்குக் கிடைத்த விடுமுறை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் முழுப் பயணத்திலும் கனமான பாடம் அந்த ஒருநாளில்தான் இருக்கிறது. அதை நடத்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு வலுவான சான்று சார்லஸ் டார்வின். 1831 டிசம்பரில் 'பீகிள்' கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது 22. கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்த அந்தப் பயணத்தில் மூன்றாண்டுக்கு மேல் அவர் கழித்தது தரையில். கடலில் அவரை வாட்டியது குமட்டல். தரையில் அவருக்குக் கிடைத்தது அறிவியல். 1835 செப்டம்பரில் கலாபகஸ் தீவுகளை அடைந்த கப்பல் ஐந்து வாரம் அங்கே சுற்றியது. டார்வின் நான்கு தீவுகளில் இறங்கினார். அவற்றில் ஒன்றில் கூடாரம் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் தங்கினார். ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று தன்னால் சொல்லிவிட முடியும் என்று தீவுகளின் துணை ஆளுநர் லாசன் சொன்னார். டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிடித்த சிறு குருவிகளில் பலவற்றுக்கு எந்தத் தீவில் பிடித்தது என்ற சீட்டைக்கூட அவர் கட்டவில்லை. 1837-ல் லண்டனில் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர் அவை வெவ்வேறு இனங்கள் என்று சொன்ன பிறகுதான் அந்தச் சீட்டின் அருமை தெரிந்தது. கேப்டன் ஃபிட்ஸ்ராயும் மற்றவர்களும் தீவின் பெயரைக் குறித்து வைத்திருந்த குருவிகளே கைகொடுத்தன. தீவில் இறங்கினால் மட்டும் போதாது; அங்குள்ளவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும், கண்டதை அன்றே குறித்து வைக்க வேண்டும். டார்வினுக்கே அது தேவைப்பட்டதென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பாடம் இயற்கையைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. தென் பசிபிக்கில் பிட்கெய்ர்ன் என்று ஒரு தீவு. 1790-ல் 'பவுண்டி' கப்பலின் கலகக்காரர்களும் அவர்களோடு வந்த டஹிதித் தீவினரும் குடியேறிய இடம். இன்று ஊரில் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். விமான நிலையம் கிடையாது, கப்பல் அணையும் துறைமுகமும் கிடையாது. ஊர்க்காரர்களே நீண்ட படகில் கப்பலுக்கு வந்து, அலை ஓயும் நேரம் பார்த்து ஆட்களைக் கரை சேர்க்க வேண்டும். கனடாவின் லூனன்பர்கிலிருந்து புறப்படும் 'பிக்டன் காஸில்' என்ற பாய்மரக் கப்பல் இங்கே வரும்போது, பயிற்சி பெறுவோர் பாதிப்பேர் ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குவார்கள், மீதிப்பேர் கப்பலில் இருப்பார்கள். பிறகு முறை மாறும். நங்கூரம் போட நம்பகமான இடம் இல்லாததால், காற்று திசை மாறினால் கப்பலை உடனே நகர்த்த ஆள் வேண்டும். தான் ஊர்ச்சோறு சாப்பிடும் நேரத்தில் தனக்காக இன்னொருவர் காவல் நிற்கிறார் என்பது மாணவருக்குத் தெரியும். பொறுப்பைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

"இரவெல்லாம் கண்விழித்த பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். ஓய்வே இல்லாதவர் படகில் இறங்கும்போதே கால் தவறுவார். ஆனால் ஓய்வுக்கு அரைநாள் போதும். மிச்சத்தைக் குடியிலும் கடைத்தெருவிலும் கரைத்துவிட்டு வருவதை ஓய்வு என்று சொல்ல முடியாது. "இரண்டு நாளில் ஒரு தீவைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?" என்பது அடுத்த கேள்வி. தீவு முழுவதும் தெரியாது என்பது சரி. அதனால்தான் கேள்வியைச் சுருக்க வேண்டும். இந்த ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, சரக்குக் கப்பல் வர ஒரு மாதம் தாமதமானால் என்ன செய்வார்கள் என்று ஒரே ஒரு கேள்வியோடு இறங்குபவர் விடையோடு திரும்பலாம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது: வந்து போகிறவர்களால் தீவுக்கு என்ன லாபம்? ஐம்பது பேர் உள்ள ஊருக்குக் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் விருந்தாளிகள் வந்தால் சுமைதான். மனிதரோடு வரும் எலியும் விதையும் அதைவிட ஆபத்து. கிரிபாட்டி நாட்டின் ஃபீனிக்ஸ் தீவுகள் 2010-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. கப்பல்களோடு வந்து பெருகிய எலிகளையும் முயல்களையும் அவற்றில் சிலவற்றிலிருந்து ஒழிக்கத் தனித் திட்டமே போட வேண்டியிருந்தது; அங்குள்ள கடற்பறவைகளில் பல தரையில் முட்டையிடுபவை. ஆயினும் அமெரிக்காவின் 'ராபர்ட் சி. சீமன்ஸ்' என்ற பாய்மரக் கப்பலில் மாணவர்கள் இந்தக் கடற்பகுதிக்கே சென்று நீரையும் பவளத்தையும் ஆய்ந்து தரவு சேகரித்திருக்கிறார்கள். சிறிய நாடு ஒன்று தானே அடிக்கடி ஆய்வுக்கப்பல் அனுப்ப முடியாத பரப்பு அது. ஆகவே போவதா வேண்டாமா என்பதல்ல பிரச்சினை. எப்படிப் போகிறோம் என்பதுதான். காலணியையும் பையையும் உதறிச் சோதித்து, ஊராரின் சம்மதம் பெற்று, அவர்களுக்குப் பயன்படும் ஒரு வேலையோடு இறங்கினால் விருந்தாளி சுமையாக மாட்டார்.

இத்தகைய பயணங்களுக்குப் பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர், விளம்பரத்தில் எத்தனை தீவுகள் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு தீவிலும் எத்தனை நாள் நிற்கிறார்கள், கரையில் மாணவருக்கு என்ன வேலை, தீவினர் அழைத்தார்களா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால் அது கல்விப் பயணம் அல்ல, சுற்றுலா.