நிழல், தண்ணீர், கழிப்பறை

கோடை பிறந்ததும் நாளிதழ்களில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும்: இத்தனை ஊர்களில் சதமடித்தது வெயில். வேலூர் முந்தியதா, கரூர் முந்தியதா என்று நாமும் பேசிக்கொள்கிறோம். 100 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 37.8 டிகிரி செல்சியஸ். அந்த எண்ணை எடுப்பது தரையிலிருந்து நாலைந்தடி உயரத்தில், வெள்ளையடித்த ஒரு பெட்டிக்குள். அதன்மேல் நேர் வெயில் படாது. சட்டங்களின் இடுக்கு வழியே காற்று புகுந்து போகும். தார் உருக்குபவரும் தளம் போடுபவரும் அப்படி ஒரு பெட்டிக்குள் நின்று வேலை செய்வதில்லை. அவர்கள் உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதில் பாதியைத்தான் அந்த எண் சொல்லும். காற்றில் ஈரம் எவ்வளவு, இரவில் எவ்வளவு தணிந்தது, அந்த வெயிலில் என்ன வேலை செய்தார்கள் என்பதெல்லாம் மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியில்தான் நோய் இருக்கிறது. குறிப்பாகச் சிறுநீரக நோய்.

காற்றில் என்ன கூடியது?

நிலக்கரியும் பெட்ரோலும் பெருமளவில் எரிப்பதற்கு முன்பு, 1750 வாக்கில், காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 280 கார்பன் டை ஆக்சைடாக இருந்தன. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து விண்வெளிக்குத் திரும்ப வேண்டிய வெப்பத்தை இந்த வாயு பிடித்துவைக்கிறது. மீத்தேன் போன்ற வேறு வாயுக்களும் இதில் சேர்த்தி. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் 1850–1900 காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி அதிகம். பதிவேடுகளில் உள்ள ஆண்டுகளிலேயே அதுதான் வெப்பமானது.

ஒன்றரை டிகிரி கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் கடலை மறந்துவிடுகிறார்கள். கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்வது கடலில்தான். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை கடலோரமாக வாழும் நமக்கு, பருவநிலை மாற்றம் வெறும் வெயிலாக வருவதில்லை, புழுக்கமாக வருகிறது.

தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையம் நிற்கிறது. அதன் புகைபோக்கியைக் காட்டிப் பழி சொல்வது எளிது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு ஓர் ஊரின் மேலேயே தங்குவதில்லை. எங்கே எரித்தாலும் உலகம் முழுக்கப் பரவும். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியர் வெளியிடுவது உலக சராசரியில் பாதிகூட இல்லை. அதிலும் உப்பு வாரும் ஒரு பெண்ணின் பங்கு எவ்வளவு இருந்துவிடும்?

வியர்வை உலராவிட்டால்

உடல் தன் உள்வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் மிஞ்சும் ஒரே வழி வியர்வை. வழிந்து ஓடும் வியர்வையால் பயனில்லை. தோலின் மேலேயே ஆவியானால்தான் வெப்பம் வெளியேறும். மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராமல் போவதும் இதே கணக்குத்தான்.

இதை அளக்க விஞ்ஞானிகள் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பயன்படுத்துகிறார்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை என்று அதற்குப் பெயர். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்கமாட்டார் என்பது 2010இல் முன்வைக்கப்பட்ட கணக்கு. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்தார்கள். ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே அவர்கள் உடல் திணறத் தொடங்கியது. அவர்கள் செய்தது லேசான வேலைதான். தலையில் செங்கல் சுமக்கவில்லை.

கடலோரத்தில் 37 டிகிரியும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலும் இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்று அறிவிக்கும். உள்மாவட்டச் சமவெளிக்கு 40 டிகிரி. இந்த வரையறைக்குள் வராத, 35 டிகிரியும் கடும் ஈரமுமான நாட்களுக்கு வெப்ப அலை என்ற பெயர் கிடையாது. வெப்ப அலை எச்சரிக்கை வராததால் வேலையும் நிற்பதில்லை.

சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும்

இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. வியர்வையில் நீர் வற்றும்போது உடல் மூளையையும் இதயத்தையும் முதலில் காப்பாற்றும். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் சுருங்கும். சிறுநீர் கெட்டியாகி மஞ்சள் கறுக்கும். யூரிக் அமிலம் படிகமாகப் படியும். கடும் உழைப்பில் சிதைந்த தசையின் கழிவும் அந்தக் குறைந்த நீரிலேயே வடிகட்டப்பட வேண்டும். ஒருநாள் இப்படி நடந்தால் சிறுநீரகம் மீண்டுவிடும். மாதக்கணக்கில் தினமும் நடந்தால் சின்னச் சின்னக் காயங்கள் தழும்பாகும். தழும்பேறிய திசு திரும்ப வேலை செய்யாது.

நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்பு வெட்டுவோரிடம்தான் மருத்துவர்கள் பெருமளவில் கவனித்தார்கள். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வட மத்திய மாகாணத்திலும் இதே புதிர் உண்டு. அங்கெல்லாம் குடிநீரின் ஃபுளோரைடு, கடினத்தன்மை, பூச்சிமருந்து என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. வெயிலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. ஆனால் நீர் வற்றிய உடலோடு கடும் உழைப்பு என்பது எல்லா இடத்துக்கும் பொதுவாக இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கணக்கும் கையில் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும் 2017 முதல் 2020 வரை ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உலக அளவில், பணியிட வெப்பத்தோடு தொடர்புடைய நாள்பட்ட சிறுநீரக நோயோடு 2 கோடியே 62 லட்சம் பேர் வாழ்வதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் மதிப்பிட்டது.

இந்த நோய் வலிக்காது. முகம் வீங்கி, பசி போய், மூச்சு வாங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும். வெயிலில் உழைப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடை முடியும் தறுவாயில் பார்த்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க வெயிலில் வேலை பார்த்துவிட்டு, உடம்பு வலிக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை பல நேரம் டைக்ளோஃபெனாக்காகவோ ஐபுபுரூஃபனாகவோ இருக்கும். இவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைப்பவை. நீர் வற்றிய உடம்பில் இவற்றைத் தினமும் போடுவது, ஏற்கெனவே தவிக்கும் உறுப்பின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் தொடர்ந்து போடாதீர்கள்.

வயிற்றில் பிள்ளையோடு

உப்பளங்களில் ஆய்வு செய்த அதே ஸ்ரீராமச்சந்திரா நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவோ குழந்தை இறந்து பிறப்பதோ நேரும் வாய்ப்பு, மற்றவர்களைப்போல் இரு மடங்காக இருந்தது. வயல், சூளை, உப்பளம் என்று வெளிவேலை செய்த பெண்களும் இதில் இருந்தார்கள். மாதமாக இருப்பவர் வெயிலில் இருந்து வீடு திரும்பித் தலைசுற்றுகிறது என்றால், அதை மசக்கை என்று தள்ளிவிடக் கூடாது.

கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர் அறிவுரை

நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கட்டட வேலைக்கும் உப்பளத்துக்கும் போகும் பெண்ணிடம் இதைச் சொல்லும்போது அவர் மனதுக்குள் சிரித்துக்கொள்வார். மறைவிடமே இல்லாத வெட்டவெளியில், குடித்த தண்ணீரை எங்கே போய் இறக்குவது? காலையில் கிளம்பும்போதே குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம். நீர்க்கடுப்பும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் அவர்களுக்கு வாடிக்கை. அந்தத் தொற்று மேலேறினாலும் சேதமாவது சிறுநீரகம்தான். வேலைத்தளத்தில் ஒரு கழிப்பறை என்பதை வசதிக் கணக்கில் எழுதுகிறோம். என்னைக் கேட்டால் அதை மருந்துக் கணக்கில் எழுத வேண்டும்.

குடிக்க வழியிருப்பவர்கள் தாகம் எடுக்கக் காத்திருக்க வேண்டாம். கடும் வேலையில் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் நல்லது. உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். எல்லாம் உதவும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கலர் சோடாவும் மதுவும் வேண்டாம். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் இளநீரை அள்ளிக் குடிக்கக் கூடாது; அதில் பொட்டாசியம் அதிகம். இதய நோய்க்கும் கொதிப்புக்கும் நீர்பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடையில் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

மயங்கி விழுந்தவரை என்ன செய்வது?

உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். 108க்கு அழையுங்கள், ஆனால் வண்டி வரட்டும் என்று கைகட்டி நிற்காதீர்கள். முதலில் குளிரவைக்க வேண்டும். நிழலுக்குத் தூக்கிப்போய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

அந்த நிலை வராமலிருக்க இரவும் முக்கியம். இரவில் அறை தணியாவிட்டால் உடல் பகலின் களைப்பிலிருந்து மீளாது. தகரக் கூரை வீடுகளில் இது கொடுமை. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது செலவு குறைந்த நல்ல வழி. காற்றே 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் மின்விசிறி குளிர்ச்சி தராது, சூட்டைத்தான் வீசும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது உடம்பையும் துணியையும் நனைத்துக்கொள்வதே வழி.

வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நிழலில் ஓய்வு நேரத்தைக் கூட்டித் தண்ணீரையும் ஒழுங்காகக் கொடுத்தபோது, அறுவடைக் காலத்தில் சிறுநீரகம் பாதிக்கப்படுவது குறைந்தது. நம்மூர்க்காரர்கள் பலர் வேலை செய்யும் கத்தாரில், 2021 முதல் ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு. வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த குறியீடு 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் நண்பகல் வேலை நேரத்தை மாற்றி உத்தரவு போடுகிறது. அகமதாபாதில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2013இல் அந்த மாநகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது. தெற்காசியாவில் அதுவே முதல்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனால் அது வெயிலில் விழுந்து இறந்தவருக்கு மட்டும். 15 வருடம் உப்பு வாரி, சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் பேருந்தேறுபவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு டயாலிசிஸ் செய்ய அரசுக் காப்பீட்டில் இடமுண்டு. அவர் இன்னும் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தபோது நண்பகலில் மூன்று மணி நேரம் கூலி பிடிக்காமல் நிழலில் உட்கார வைக்க ஓர் உத்தரவு கிடையாது. கூலி பிடிக்காமல் என்பதுதான் இதில் முக்கியம். வாரிய அளவுக்குக் கூலி என்றிருக்கும் வரை, நிழல் போட்டுக் கொடுத்தாலும் யாரும் அதில் போய் உட்கார மாட்டார்கள்.