குளிர்காலத்திலும் ஏரிக்கரை

ரொறன்ரோவின் வூட்பைன் கரைக்குக் கோடையில் மட்டும்தான் போகவேண்டும் என்றில்லை. செப்டெம்பரில் உயிர்காப்பாளர்கள் போனபின், அவர்களின் உயரமான காவல் மேடைகள் மணலில் தனித்து நிற்கும். 2015இல் தொடங்கிய 'விண்டர் ஸ்டேஷன்ஸ்' நிகழ்வு அந்த மேடைகளைச் சுற்றியே கலைப்படைப்புகளை எழுப்புகிறது. உலகெங்கிலுமிருந்து வரும் வடிவமைப்புகளில் தேர்வானவை, வழக்கமாகப் பெப்ரவரியில் குடும்ப நாள் விடுமுறையையொட்டித் திறக்கப்பட்டு மார்ச் இறுதிவரை நிற்கும். பார்க்கக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்; அலைபேசியை விட்டு அவர்கள் ஓடித் திரிய இதைவிட நல்ல இடம் குளிர்காலத்தில் கிடைப்பது அரிது.

ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிக்கும் நீள்வால் வாத்துகளும் குளிர்காலத்தைக் கழிக்க இங்குள்ள ஒன்ராறியோ ஏரிக்கு வருகின்றன. கரையில் நின்றபடியே அவற்றைப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் முக்கியம். ஒன்ராறியோ ஏரி மிக ஆழமானது. அதனால் அது முழுவதும் உறைவது மிக அரிது. அலை தெறித்து உறைந்த பனித்திட்டு தரை போலவே தெரியும், ஆனால் அடியில் தண்ணீர் இருக்கும். அதன்மேல் நீங்களும் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏறவிடாதீர்கள்.