உறக்க மூச்சுத்தடை ஆய்வில் மூச்சுப்பாதைப் படிமங்கள்: பயனும் எல்லையும்

உறக்கத்தில் தொண்டைப் பகுதி மூச்சுப்பாதை மீண்டும் மீண்டும் அடைபட்டு, ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நொடி மூச்சோட்டம் நிற்பது அடைப்புசார் உறக்க மூச்சுத்தடை எனப்படும். இதனால் இரவு உறக்கம் துண்டுபட்டுப் பகலில் தூக்கம் மிகும். தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர்க் கணவாய் வழியே சரக்குந்து ஓட்டுபவருக்கு அக்கலக்கம் உயிரிடராகும்.

மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்பதை இரவுநேர உறக்கப் பதிவாய்வு அளக்கிறது. அடைப்பு எவ்விடத்தில், எவ்வமைப்பினால் நேர்கிறது என்பதை அறியப் படிமங்கள் துணைபுரிகின்றன.

தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே செலவு குறைந்தது. கீழ்த்தாடையின் பின்னடைவையும் நாவடி எலும்பின் தாழ்நிலையையும் காட்டும். ஆயினும் அது முன்பின் அகலத்தையே அளக்கும். சி.டி. குறுக்குவெட்டுப் பரப்பை அளக்கும். கதிர்வீச்சு அதன் குறை. எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சின்றி மென்திசுக்களைப் பிரித்துக் காட்டும். 1995இல் ரிச்சர்டு ஷ்வாப் குழுவினர் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்வு, நோயாளிகளின் பாதை பக்கவாட்டில் குறுகியிருப்பதையும் அதில் தொண்டைப் பக்கச்சுவர்த் தடிப்பின் பங்கையும் புலப்படுத்தியது. எக்ஸ்ரே காட்டாத பரிமாணம் இதுவே.

இப்படிமங்கள் பெரும்பாலும் விழித்திருக்கும்போது எடுக்கப்படுகின்றன. விழிப்பில் நாக்கை முன்னிழுக்கும் தசை பாதையைத் திறந்து வைக்கிறது. உறக்கத்தில் அதன் இறுக்கம் தளர்கிறது. எனவே படிமம் நோய்க்கான ஏதுவைச் சுட்டுமேயன்றி நோயை உறுதிசெய்யாது. இயல்பான எக்ஸ்ரே நோயின்மைக்குச் சான்றுமாகாது. ஓட்டுநர்களைப் பரிசோதிக்கும் திட்டம் எதுவாயினும், பதிவாய்வை முதலிலும் படிமத்தைச் சிகிச்சைத் தேர்விலும் வைப்பதே பொருத்தமுடையது.