கம்பத்தை எண்ணினால் போதுமா?

தாமிரபரணிக் கரையிலே, ஆதிச்சநல்லூர்ப் பறம்பிலே, 1899-இல் அலெக்சாண்டர் ரீ தோண்டத் தொடங்கினார். தாழி, இரும்பு வாள், பொன் நெற்றிப்பட்டம் - அத்தனையும் எண்ணினார், எழுதி வைத்தார். மாண்டவரின் மண்தாழிக்கு அவ்வளவு கணக்கு! வாழ்பவரின் வீட்டு விளக்குக்கு என்ன கணக்கு? அதைத்தான் கேட்கிறோம் நாம்.

தில்லியின் கணக்கைக் கேளுங்கள், தோழர்களே! 1997 வரை, ஊர் எல்லைக்குள் எங்கேனும், எதற்கேனும் மின்சாரம் பயன்பட்டால் போதும். அது மின்வசதி பெற்ற ஊர். பண்ணையாரின் பம்புசெட் ஓடும்; பக்கத்துச் சேரியிலே சிம்னி விளக்கு புகையும். ஏடு மட்டும் சொல்லும், "ஊருக்கே ஒளி வந்தது" என்று!

2004-இல் இலக்கணம் மாறிற்று. குடியிருப்புக்கும் சேரிக்கும் கம்பி, பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் மின்சாரம், நூற்றுக்குப் 10 வீட்டில் இணைப்பு - இருந்தால் ஊர் தேறியது. மிச்சம் 90 வீடு? இருட்டிலே கிடந்தாலும் ஏட்டிலே வெளிச்சம்!

2018 ஏப்ரல் 28-இல், மணிப்பூரின் லெய்சாங் கடைசி ஊர், இனி மின்சாரமில்லா ஊரே இல்லை என்று முழங்கினர். அந்த முழக்கமும் இந்த இலக்கணத்தின் மீது நின்றதே! ஆனால் 2011-இல் வீடுவீடாய்க் கேட்ட மக்கள்தொகைக் கணக்கு வேறு சொன்னது: மின்விளக்கு எரிந்த வீடு இந்தியாவில் நூற்றுக்கு 67, தமிழகத்தில் 93. ஊரை எண்ணுவது வேறு, வீட்டை எண்ணுவது வேறு!

நூறும் நிறைந்துவிட்டால் முடிந்ததா கணக்கு? இல்லை. 2015-இல் உலக வங்கி புதிய அளவுகோல் ஒன்றைத் தந்தது. சுழி முதல் 5 வரை படிகள். நாளுக்கு 4 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் மின்சாரம் கிடைத்தால் முதற்படி. 23 மணி நேரம் கிடைத்தால் ஐந்தாம் படி. எத்தனை மணி நேரம், என்ன விலை, அழுத்தம் சரியா, ஆபத்து உண்டா என்று கேட்கும் அளவுகோல் அது.

நம் தூத்துக்குடியைப் பாருங்கள். 1979-இல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிற்று. 210 மெகாவாட் வீதம் 5 அலகுகள் எழுந்தன. நிலக்கரிச் சாம்பல் இந்த மண்ணுக்கு. உப்பளத்திலே வெயிலில் வெந்து திரும்பும் தொழிலாளியின் வீட்டிலே, பிள்ளை படிக்கும் நேரத்தில் விளக்கு நின்று எரிகிறதா? அடுப்பும் அப்படித்தான். சிலிண்டர் தந்த கணக்கு ஏட்டில் இருக்கிறது. தீர்ந்தபின் மறு சிலிண்டருக்குக் கூலி போதாமல் பனைமட்டையை மூட்டும் தாயின் இருமல் எந்த ஏட்டில் இருக்கிறது?

அளப்பவன் கையில்தான் ஆட்சியின் கண் இருக்கிறது. அவன் காணாத குடிசைக்குத் திட்டமும் வராது, பணமும் வராது!

ஆகவே தோழர்களே, கம்பத்தைப் பார்த்துத் திரும்பாதீர்கள். கதவைத் தட்டுங்கள். நேற்று மாலை விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது? கட்டணம் கட்ட முடிந்ததா? இன்று எதை எரித்து உலை வைத்தீர்கள்? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாருங்கள். அதுவே மக்களின் கணக்கு!